ஒரு வேளைகூட விட்டுப்போகாத ரிஜிஸ்டர்

கண்ணு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கிற கடுதாசி இல்லை இது. நீ நல்லா இருக்கறது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். போன வாரம் பேப்பர்ல உன் போட்டோ வந்ததுல இருந்து கேத்தி கடைவீதியில நிம்மதியா ஒரு டீ குடிக்க முடியலை. கிளாஸைக் கையில எடுத்தா யாராச்சும் வந்து இன்னொரு கையைப் புடிச்சுக் குலுக்கறாங்க. "ஏனுங்க, உங்க பையனுக்கு டெல்லியில விருதாமுங்க, விஞ்ஞானத்துலயாமுங்க!"ங்கறாங்க. கேரட் மூட்டை ஏத்திட்டிருந்த லாரிக்காரன் ஒருத்தன், முன்னப்பின்ன தெரியாதவன், இறங்கி வந்து "என்னத்தைங்க கண்டுபுடிச்சாரு?"ன்னு கேட்டான். "வானத்துல இருந்து வர்ற துகளைப் பத்திங்க"ன்னு சொல்லிப்போட்டு, டீயைப் பாதியில வெச்சுட்டு வந்துட்டேன். உன்ற அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "பெத்த புள்ளைக்கு விருது வருது, மனுசன் என்னமோ எழவு ஊட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்களே"ன்னு நேத்துகூடச் சத்தம் போட்டா. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

போன்லயே சொல்லியிருக்கலாமேன்னு நீ கேட்பே. மூணு தடவை அதுக்குன்னே கூப்பிட்டேன். மொத தடவை நீ மீட்டிங்ல இருந்தே. ரெண்டாவது தடவை, "அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன், உங்களையும் மேடையில ஏத்தறதுக்குப் பேசி முடிச்சுட்டேன்"னு ஆரம்பிச்சுட்டே. மெடல் வாங்கினதும் அதை என்ற கையில குடுக்கப் போறதாவும், இந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே எங்கப்பா எழுதின ரிஜிஸ்டர்தான்னு மைக்ல சொல்லப் போறதாவும் சொன்னே. நான் "சரி சாமி, சரி சாமி"ன்னு நாலு தடவை சொன்னேன். மூணாவது தடவை நீ எடுக்கறதுக்குள்ள நானே கட் பண்ணிட்டேன். என்ற வாயை நம்பிப் பிரயோசனம் இல்லை, எழுதியே தொலைச்சுரலாம்னுதான் இப்ப உக்காந்திருக்கேன். நாலு நாளா எழுதறேன். எழுத்து கோணலா இருக்கறது வயசானதுனால, வேற ஒண்ணும் நினைச்சுக்காதே.

உனக்குத் தெரிஞ்ச கதையில இருந்தே ஆரம்பிக்கறேன், வரிசையாச் சொன்னாத்தான் எனக்கு வரும். மேட்டுல நம்ம ஆராய்ச்சி நிலையத்துல நான் தினக்கூலி ஆளாச் சேர்ந்தப்ப நீ பொறக்கவே இல்லை. பெரிய ஆராய்ச்சிக்கெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகும், சரிவுல தள்ளித் தள்ளி ரெண்டு தகரக் குடிசை மட்டும் பழைய முறையிலேயே இருந்துச்சு. நிலையத்துக்குப் பெரியவரா இருந்த எங்க சார் அந்தக் காலத்துல தன் கையால ஆரம்பிச்ச வேலை, அதை நிறுத்த அவருக்கு மனசு வரலை. குடிசைக்குள்ள ஒரு கருவி. வானத்துல இருந்து வந்து விழற கண்ணுக்குத் தெரியாத துகளை எண்ணிக்கிட்டே இருக்கும், முகப்புல நம்பர் ஓடும். காத்தால ஆறு மணியில இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்காப் போய், நம்பரைப் பார்த்து ரிஜிஸ்டர்ல எழுதிட்டு, பூஜ்ஜியத்துக்குத் திருப்பி விட்டுட்டு வரணும். அவ்வளவுதான் வேலை. கீழ்க் குடிசை என்றது, மேல் குடிசை போஜனோடது. போஜன் பக்கத்து ஹட்டி ஊர்க்காரன், படுகர் பையன், என்னை விட மூணு வயசு சின்னவன். "அண்ணா, ஆகாசத்துக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறதுக்குக் கூலி குடுக்கறானுங்க பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே போவான். நீகூட லீவுல என்னோட வந்து அந்த நம்பர் ஓடறதையே வாயைப் பொளந்துட்டுப் பார்ப்பியே. உன்னோட படிப்பெல்லாம் அங்க ஆரம்பிச்சதுதான்னு நீ பேட்டியில சொன்னதை நானும் படிச்சேன்.

அப்புறம் தேயிலை விலை விழுந்துச்சு. உனக்கு அப்பப் பத்து வயசு, அரைகுறையா ஞாபகம் இருக்கும். உன்ற அப்பிச்சி காட்டை வெட்டி நட்டுக் குடுத்த ஒரு ஏக்கராதான் நம்மளைக் காப்பாத்திட்டிருந்துச்சு. பச்சை இலைக்கு விலை போச்சு, அது எல்லாரும் சொல்ற கதை. சொல்லாதது ஒண்ணு இருக்குது: விலை குறைஞ்சாக்கூட இலையை வாங்க ஆளில்லாமப் போச்சு. ஃபேக்டரிக்காரன் தினமும் இவ்வளவுதான் எடுப்பேன்னு கேட்டைச் சாத்திட்டான். ஒழுங்கா இலை கொண்டாற ஆளுக்குத்தான் வரிசையில இடம். ரெண்டு பறிப்பு இலை வரலைன்னா பேரை அடிச்சுருவான், அப்புறம் எந்த சாமியைக் கும்பிட்டாலும் சேர்க்க மாட்டான். பறிக்காம விட்டா இலை முத்திப் போயிரும், முத்துன இலையைத் தொடவும் மாட்டான். பாதிப் பேரு தோட்டத்தை அப்படியே போட்டுட்டுத் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிட்டாங்க. உன்ற அம்மா போக மாட்டேன்னுட்டா. "எங்கப்பன் நட்ட செடியைக் காட்டெருமைக்கு விட்டுட்டு வர மாட்டேனுங்க"ன்னு தனி ஆளாப் பறிச்சுச் சுமந்தா. அந்த ஆடி மழையில, முதுகுல இலைச் சாக்கோட சரிவுல வழுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டா. தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

இப்ப என்ற நிலைமையைப் பாரு. காத்தால வெளிச்சம் வந்ததும் இலை பறிக்கணும், மத்தியானம் ஃபேக்டரி வரிசையில நிக்கணும், மேட்டுல குடிசைக்கு மூணு மணி நேரத்துக்கு ஒருக்காப் போகணும். தினக்கூலிக்கு ஏது லீவு? அதுலயும் அந்த வருஷம் எங்க ரெண்டு பேர்ல ஒருத்தனை நிரந்தரம் பண்ணப் போறதாப் பேச்சு. வேலை போச்சுன்னா ஊடு போச்சு, இலை போச்சுன்னா தோட்டம் போச்சு. ரெண்டு பக்கமும் தீப்புடிச்ச கொள்ளிக்கட்டைக்கு நடுவுல எறும்பு நிக்குமே, அதேதான். மொத நாள் ஒம்பது மணிக் குறிப்பு விட்டுப்போச்சு. நான் என்ன பண்ணியிருக்கணும்? அந்தக் கட்டத்தை வெறுமையா விட்டுட்டு "போகலை"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கணும். அதுதான் வழக்கம், சார் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தார். நான் போன வருஷத்து ரிஜிஸ்டரை அலமாரியில இருந்து எடுத்தேன். அதே தேதி, அதே ஒம்பது மணி. அங்க இருந்த நம்பரோட கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் மாத்தி இங்க எழுதினேன். ஒருத்தனுக்கும் தெரியலை, வானமும் இடிஞ்சு விழலை.

அப்புறம் அதுவே பழகிப் போச்சு. ரெண்டு ரிஜிஸ்டரையும் பிளாஸ்டிக் பையில சுத்திச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, ஃபேக்டரி வரிசையில இலை மூட்டை மேல உக்காந்து எழுதினேன். ஆறு மணி, ஒம்பது மணி, பன்னெண்டு மணி. பக்கத்துல நின்னவன், "என்னங்க, பையனுக்கு வீட்டுப்பாடமா?"ன்னு கேட்டான். "ஆமாங்க"ன்னேன். நாப்பத்தொரு நாள், சாமி. அந்த நாப்பத்தொரு நாள்ல நான் குடிசைக்குப் போனதே ஆறோ ஏழோ தடவைதான். மீதியெல்லாம் போன வருஷத்து வானத்தைப் பார்த்துக் காப்பியடிச்சது. படிக்கற காலத்துல நீ ஒரு தடவை கணக்குப் பரிட்சையில காப்பியடிச்சுட்டேன்னு உன்னைச் சீகைக் குச்சியால விளாசினேனே, ஞாபகம் இருக்கா? அது இதெல்லாம் முடிஞ்சு ரெண்டாவது வருஷம். அன்னிக்கு உன்னைத்தான் அடிச்சேனான்னு எனக்கே தெரியலை.

குடும்பக் கஷ்டம், வேற வழியில்லைன்னு சொல்லி இதோட நிறுத்திக்கலாம். நீயும் அழுதுட்டு மன்னிச்சுருவே. ஆனா முழுப் பூசணிக்காயை மறைச்சுட்டுப் பாதியை மட்டும் காட்டறதுக்கு இந்தக் கடுதாசி எதுக்கு? மொத முப்பது நாள் எனக்கு வழியில்லாமத்தான் இருந்துச்சு. அப்புறம் உன்ற மாமன் அன்னூர்ல இருந்து வந்து இலை பறிக்கற வேலையைப் பூரா எடுத்துக்கிட்டான். மழையும் விட்டுப்போச்சு. நான் தாராளமாக் குடிசைக்குப் போயிருக்கலாம். போகலை. வெதுவெதுன்னு அடுப்புகிட்ட உக்காந்துகிட்டு எழுதினேன். கடைசிப் பதினோரு நாளும் சோம்பேறித்தனம், அதுக்குத் தேயிலை மேல பழி போட முடியாது. இதை நான் இந்த உலகத்துல வேற யாருகிட்டயும் சொன்னதில்லை.

அதே மழையில போஜன் என்ன பண்ணினான் தெரியுமா? அவனுக்கும் தோட்டம் இருந்துச்சு, அவனுக்கும் அதே ஃபேக்டரிதான். போக முடிஞ்சப்ப போனான், முடியாதப்ப எழுதினான்: "போகலை. மழை." "போகலை. கற்பூர மரம் விழுந்து வழி அடைப்பு." "போகலை. வழியில காட்டெருமை, பயந்துட்டேன்." வருஷ விழாவுல சார் ரெண்டு ரிஜிஸ்டரையும் மேசை மேல வெச்சார். போஜன் எழுதினதை ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டினார், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. போஜனும்தான் சிரிச்சான். அப்புறம் என்ற ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டி, "மனைவி கால் ஒடிஞ்சு கிடக்கறப்பகூட ஒரு வேளை விட்டுப்போகலை, விஞ்ஞானம்னா இதுதான்"ன்னார். எனக்குச் சர்ட்டிபிகேட்டும் சுவர்க் கடிகாரமும் குடுத்தாங்க. நம்ம நடு ரூம்ல மாட்டியிருக்கே, நீ பள்ளிக்கூடத்துக்கு நேரம் பார்த்த அதே கடிகாரம்தான். கை தட்டினப்ப போஜன்தான் ரொம்ப நேரம் தட்டினான். அடுத்த மாசம் நான் நிரந்தரம் ஆயிட்டேன், போஜனுக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவன் திருப்பூருக்குப் போறப்ப நம்ம ஊட்டுக்கு வந்து ஒரு தூக்குல எருமைத் தயிர் குடுத்துட்டு, "அண்ணா, உன்னை மாதிரி என்னால முடியலை"ன்னு சொல்லிட்டுப் போனான். நான் அவனை பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டு போய் விட்டேன். வழி நெடுக வாய் வரைக்கும் வந்துச்சு. பஸ் வந்துருச்சு.

வெளியில சொல்லணும்னா அதுக்கப்புறமும் எத்தனையோ சந்தர்ப்பம் இருந்துச்சு. ஆனா ஒரு பாராட்டை வாங்கி ஊட்டுல மாட்டிட்டா அதுக்குள்ளயே குடியிருக்க வேண்டியதாப் போயிருது, கண்ணு. புது ஆளு யாரு வந்தாலும், "இவரைப் பாருங்க, ஒரு வேளை விட்டதில்லை"ன்னு என்னைத்தான் காட்டுவாங்க. அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும் நிஜமாவே ஒரு வேளையும் விடாமப் போனேன். காய்ச்சல்ல போனேன், உன்ற பாட்டன் செத்த அன்னிக்கும் காரியத்துக்கு நடுவுல போய் எழுதிட்டு வந்தேன். எல்லாரும் அதைக் கடமைன்னு சொன்னாங்க. எனக்குத்தான் தெரியும், அது அபராதம் கட்டினது. கட்டக் கட்டத் தீரலை. சார் சாகற வரைக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ஒரு கார்டு போடுவார். "என் நேர்மையான நண்பருக்கு"ன்னுதான் ஆரம்பிப்பார். அந்தக் கார்டை எல்லாம் நான் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன், உன்ற அம்மா இன்னிக்கு வரைக்கும் அதைத் தேடிட்டிருக்கா.

நீ ஆராய்ச்சிக்காரனா நம்ம நிலையத்துக்கே வந்து நின்னியே, அன்னிக்காவது வாயைத் தொறந்திருக்கணும். எனக்கு ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு மாசம். பழைய கைக்குறிப்பு எல்லாம் வேணும்னு நீ கேட்டே, ஸ்டோர் ரூம் சாவி என்ற கையிலதான் இருந்துச்சு. அட்டை மேல இருந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நின்னு போச்சு. "இது வேண்டாம், எலி கடிச்சுருச்சு"ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட நீ தப்பிச்சிருப்பே. நீ என்ற கையில இருந்து பிடுங்கிப் பக்கத்தைத் திருப்பினே. "அப்பா! ஒரு நாள்கூட, ஒரு வேளைகூட விடலையேப்பா நீங்க! உலகத்துல எங்கயும் இப்படி ஒரு குறிப்பு இருக்காதுப்பா!"ன்னு என்னைக் கட்டிப் புடிச்சே. வளர்ந்த பிறகு நீ என்னைக் கட்டிப் புடிச்சது அது ஒரு தடவைதான். நான் பல்லைக் காட்டிட்டு நின்னேன். பெருமையா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். பொய்க்குக் கிடைச்ச பெருமைன்னு தெரிஞ்சும் அது இனிச்சுது. போஜனோட ரிஜிஸ்டரையும் உன்கிட்டக் குடுத்தேன். "இதுல ஓட்டை நிறைய இருக்குதுப்பா, சேர்த்துக்க முடியாது"ன்னு ஓரமா வெச்சுட்டே.

அப்பக்கூட நான் நினைச்சேன், இத்தனை வருஷத்துக் குறிப்புல நாப்பத்தொரு நாள் எந்த மூலைக்குன்னு. போன தீபாவளிக்கு நீ வந்தப்பதான் எனக்குத் தலையில இடி விழுந்துச்சு. அந்தக் குறிப்பை வெச்சு நீ எழுதின கட்டுரை வெளிவந்து பேர் வாங்கி ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. அம்மா முறுக்கு சுட்டுட்டிருந்தா. நீ ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டினே. "பாருங்கப்பா, ஆடி மாசத்துல இந்த மூணு வாரத்துல மட்டும் எண்ணிக்கை லேசா மேல போகுது. ஒரு வருஷம் மட்டும் போயிருந்தா தற்செயல்னு விட்டிருப்பாங்க. அடுத்த வருஷமும் அதே மூணு வாரம், அதே உசரம். ரெண்டு தடவை வந்ததனாலதான் எல்லாரும் நம்பினாங்க. அது ஏன் வருதுன்னு நான் போட்ட கணக்குதான் கட்டுரையே"ன்னே. ரெண்டு வருஷத்துக் கோடு ஏறி இறங்கின மேட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வரைஞ்சிருந்தே. அச்சு அசலா ஒத்துப் போச்சு. ஒத்துப் போகாம என்ன பண்ணும்? அதைப் பார்த்துத்தானே இதை எழுதினேன். மொத வருஷத்து மேடு நிஜம், நான் கண்ணால பார்த்து எழுதினது. ரெண்டாவது வருஷத்து மேடு வானத்துல வந்தது இல்லை சாமி, இலை மூட்டை மேல உக்காந்து நான் எழுதினது. உன்னை உலகம் நம்பினதே என்ற காப்பியை வெச்சுத்தான். நான் எந்திரிச்சுப் பின்னாடி போய்க் குழாயைத் தொறந்து விட்டுட்டு நின்னேன். "என்னப்பா, அழறீங்களா?"ன்னு கேட்டே. ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சுக்கிட்டே நீ.

அன்னிக்கே சொல்லாதது என்ற நாலாவது தப்பா அஞ்சாவது தப்பா, எண்ணிக்கை விட்டுப்போச்சு. மென்னு முழுங்கவும் முடியலை, துப்பவும் முடியலை. சொன்னா உன் பத்து வருஷ உழைப்பு போச்சு. உனக்குக் கீழ படிக்கற புள்ளைங்க ரெண்டு பேரு இதை வெச்சுத்தான் பட்டம் வாங்கப் போறாங்கன்னு வேற சொன்னே. சொல்லாட்டி நீ பொய் மேல நிப்பே, நிக்கறதே உனக்குத் தெரியாது. இப்படியே நாள் ஓடி, விருதும் வந்துருச்சு. ஊட்டியில இருந்து பேப்பர்க்கார அம்மணி ஒருத்தி வந்து, கடிகாரத்துக்குக் கீழ என்னை நிக்க வெச்சுப் போட்டோ எடுத்து, "உங்க வெற்றியோட ரகசியம் என்னங்க சார்?"ன்னு கேட்டா. எனக்கு அவளை அப்படியே வெளிய தள்ளிக் கதவைச் சாத்தணும் போல இருந்துச்சு. காப்பி குடுத்து அனுப்பினேன்.

விருது கெட்டதுன்னு உபதேசம் பண்ண நான் யாரு? உழைச்சவனை நாலு பேரு கூப்பிட்டு நல்லா இருக்குன்னு சொல்லணும், இல்லாட்டி மனுசன் எதை நம்பி உழைப்பான். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. உனக்குக் கீழயும் நாளைக்கு ஆளுங்க வருவாங்க. அவங்க நோட்டைப் பார்க்கறப்ப, எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தா ஒரு நிமிசம் சந்தேகப்படு. "போகலை, பயந்துட்டேன்"னு ஒருத்தன் எழுதியிருந்தான்னா சிரிச்சுப்போடாதே, அவனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வை. எங்க சார் நல்ல மனுசன், தங்கமான மனுசன். அவர் அன்னிக்கு மேசையில தப்பான ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டினார். அவர் சிரிக்காம இருந்திருந்தா நானே எந்திரிச்சுச் சொல்லியிருப்பேனோ என்னமோ. இல்லை, இதுவும் சாக்குதான். சொல்லியிருக்க மாட்டேன்.

இப்ப வேலைக்கு வருவோம். அந்த வருஷம் ஆடி ரெண்டாம் தேதியில இருந்து நாப்பத்தொரு நாள், கீழ்க் குடிசைக் குறிப்பு பூராத்தையும் அடிச்சுரு. அப்புறம் போஜன் ரிஜிஸ்டரை எடு. மேல் குடிசையும் அதே வானத்துக்குக் கீழதான் இருந்துச்சு. அவன் போன நாள்ல எல்லாம் என்ன நம்பர் வந்துச்சோ அதைத்தான் எழுதியிருக்கான், சத்தியமா நம்பலாம். அதுல அந்த மேடு இருந்துச்சுன்னா உன் கணக்கு பொழைச்சுக்கும். இல்லைன்னா இல்லை. எனக்கு உன் அளவுக்குப் படிப்பு இல்லை, எது நடக்கும்னு தெரியலை. நானே பார்த்துரலாம்னு நினைச்சேன், ரிஜிஸ்டர் உன்கிட்ட இருக்குது, கண்ணும் சரியாத் தெரிய மாட்டேங்குது. எப்படி வந்தாலும் அவன் பேரைப் போடு. திருப்பூர்ல விசாரிச்சேன், இருக்கானாம், பேரன் பேத்தி எடுத்துட்டானாம். இந்தக் கடுதாசியைத் தபால்ல போட்டுட்டு, அவனைப் பார்க்கத்தான் பஸ் ஏறப் போறேன். உன்ற அம்மாகிட்டக் கல்யாண வீட்டுக்குன்னு சொல்லியிருக்கேன். திரும்பி வந்ததும் அவகிட்டயும் சொல்லணும். அவ "நான் கேட்டனா இதை?"ன்னு கேட்பா. அவ கேட்கலைதான்.

ஒண்ணு பாக்கி இருக்குது. மொதல்ல இந்தக் கடுதாசியை உனக்கு மட்டும்தான் எழுத நினைச்சேன். உன்கிட்டச் சொல்லிட்டா என்ற பாரம் இறங்கிரும், என்ன பண்றதுன்னு நீ முடிவு பண்ணிக்குவேன்னு. ஒரு ராத்திரி பூராத் தூக்கம் வராம ரோசனை பண்ணினப்பதான் உறைச்சுது. அது பாரம் இறக்கறது இல்லை, உன் தலையில ஏத்தறது. விழாவுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. இது கையில கிடைச்ச நிமிசத்துல இருந்து, சொல்றதா மறைக்கறதான்னு நீ துடிப்பே. சொன்னா அப்பன் மானம் போகுதேன்னு பார்ப்பே. மறைச்சேன்னா, நான் இருபது வருஷத்துக்கு மேல இருந்த அதே பொந்துக்குள்ள நீயும் வந்து உக்காரணும். மேடையில கை தட்டற சத்தம் கேட்கறப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் நின்னிருக்கேன் அங்க.

அதனால விருது குடுக்கறவங்களுக்கே எழுதிட்டேன். எனக்கு அனுப்பின அழைப்பிதழ்ல அவங்க விலாசம் இருந்துச்சு. இதுல இருக்கற அத்தனையும், நாள் தேதியோட, போஜன் பேரோட எழுதி, "என் மகனுக்கு இது எதுவும் தெரியாது, இன்னும் சொல்லவில்லை"ன்னு அடியில கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். ரசீதை இதோட வெச்சிருக்கேன், பத்திரமா வெச்சுக்கோ. அதுல இருக்கற சீல் நாலு நாளைக்கு முந்தினது. இந்நேரம் அவங்க படிச்சிருப்பாங்க. நீ தெரிஞ்சே மறைச்சேன்னு எந்தக் கொம்பனும் உன்னைச் சொல்ல முடியாது.

பெத்தவன் எப்படி என்னை ஒரு வார்த்தை கேட்காம இதைப் பண்ணலாம்னு உனக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயம்தான். ஆனா நான் கேட்டிருந்தா நீ "வேண்டாம்ப்பா"ன்னு சொல்லியிருப்பே. உனக்காகச் சொல்ல மாட்டே, எனக்காகச் சொல்லியிருப்பே. நீ சொல்லியிருந்தா நானும் சரின்னு கேட்டிருப்பேன் கண்ணு. அதனாலதான் கேட்கலை.

அப்பா